நாய்க்குத் தோல் வார் பின்னுவோம்



தோட்டத்து லயத்தில் வளர்ந்த நாய்க்கு வார் என்று ஒன்று தேவைப்பட்டதில்லை. விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர் பின்னால் அதுவும் நிரை வரைக்கும் போகும். வெயில் ஏறியதும் திரும்பி வந்து வாசற்படியில் படுத்துக்கொள்ளும். புது ஆள் வந்தால் குரைக்கும். வீட்டில் கட்டிப் போட வேண்டிய நாள் வந்தால், மாடு கட்டும் கயிற்றில் ஒரு துண்டு போதும்.

இன்று நிலைமை வேறு. நம் குடும்பங்களில் பல தோட்டத்தை விட்டுக் கிள்ளான், காப்பார், பூச்சோங், ஷா ஆலம் என்று வரிசை வீடுகளுக்கு வந்துவிட்டன. தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கும், முன்பு செம்மண் பாதையாக இருந்தது இன்று லாரி ஓடும் தார்ச் சாலையாகிவிட்டது. நம்மோடு நாயும் வந்தது. ஆனால் அதற்குச் சாலை விதி தெரியாது, பக்கத்து வீட்டு வேலியும் தெரியாது. அவிழ்த்து விட்ட நாய் காரில் அடிபடும். பள்ளிக்குப் போகும் பிள்ளையைத் துரத்தும். இல்லையென்றால் நகராண்மைக் கழகத்து நாய் பிடிப்பவர் கையில் சிக்கும். ஆகவே இந்த மூன்றிலிருந்தும் நாயைக் காக்கும் ஒரு நல்ல வாரை நம் கையாலேயே எப்படிப் பின்னுவது என்று இன்று பார்ப்போம்.

கடையில் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். மலிவான நைலான் வாரும் உண்டு, இரும்புச் சங்கிலியும் உண்டு. நாய் திடீரென்று இழுக்கும்போது நைலான் கையை அறுக்கும். சங்கிலி கனம், நம் நாட்டு மழையிலும் ஈரக்காற்றிலும் துருப்பிடிக்கும். தோல் அப்படியல்ல. பழகப் பழகக் கைக்கு மெதுவாகும். பின்னிய தோல் சற்று வளைந்து கொடுக்கும். பிடிக்கும் கை வழுக்காது. ஒழுங்காகப் பின்னி ஒழுங்காகப் பராமரித்தால் பல ஆண்டு உழைக்கும்.

பின்னல் நமக்குப் புதிய வித்தையும் அல்ல. தினமும் காலையில் பிள்ளைக்குச் சடை போடும் தாய்மாருக்கு மூன்று இழைப் பின்னல் கண்ணை மூடிக்கொண்டு வரும். தோல் வாருக்கும் அதே பின்னல்தான். மயிருக்குப் பதில் தோல், அவ்வளவே வித்தியாசம்.

முதலில் தோலைப் பற்றி நாலு வார்த்தை. பச்சைத் தோல் அழுகிப் போகும். அழுகாமல் இருக்க அதைப் பதனிட வேண்டும். தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலைப் பதனிட்டார்கள். அந்தத் தோல் கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இன்றும் தோல் தொழிலுக்குப் பேர் போனவை. 1948-இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அந்தத் தொழிலுக்கு மறுபக்கமும் உண்டு. தோல் ஆலைக் கழிவு பாலாற்றையும் சுற்றுப்புறக் கிணறுகளையும் கெடுத்தது. அதைப் பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. மாசைத் தடுக்காத ஆலை நடக்கக்கூடாது என்றது.

இப்பொழுது உலகில் பெரும்பாலான தோல் குரோமிய உப்பினால் பதனிடப்படுகிறது. அது மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கும் தாங்கும்; கைப்பைக்கும் சப்பாத்துக்கும் ஏற்றது. ஆனால் வாருக்கு நமக்கு வேண்டியது பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். அது கெட்டியாக நிற்கும். ஈரப்படுத்திப் பின்னினால் காய்ந்த பிறகு அந்த வடிவத்தை விடாது. இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது? வெட்டு வாயைப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியத் தோல். பழுப்பு நிறமானால் பெரும்பாலும் பட்டையில் பதனிட்டது. இன்னொரு சோதனை: சாயமும் மெருகும் இடாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத் தோல் அதை உறிஞ்சி அந்த இடம் கறுக்கும்.

மாட்டுத் தோலைத் தொட மனம் ஒப்பாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் எருமைத் தோல் கேட்டு வாங்கலாம். வாருக்கு அது நல்ல பலம். ஆட்டுத் தோல் மெல்லியது, பெரிய நாய்க்குத் தாங்காது. எந்தத் தோலானாலும் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டியதாக இருக்கட்டும். வயிற்றுப் பகுதித் தோல் ரப்பர் போல நீண்டுகொண்டே போகும்.

இனி வேண்டிய சாமான்கள். நடுத்தர நாய்க்கு 210 சென்டிமீட்டர் நீளம், அதாவது ஏறக்குறைய 7 அடி, 24 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம் கொண்ட ஒரே தோல் பட்டை. சின்ன நாய்க்கு 18 மில்லிமீட்டர் அகலம் போதும். அடுத்து, சுழலும் கழுத்துள்ள ஒரு கொக்கி, பித்தளையானால் துருப்பிடிக்காது. கொக்கி சுழலாவிட்டால் நாய் சுற்றச் சுற்ற வார் முறுக்கிக்கொள்ளும். கொக்கியின் வளையத்துக்குள் பட்டை நெருக்காமல் நுழைய வேண்டும். அப்புறம் புதிய அலகு போட்ட கத்தி, இரும்பு அடிக்கோல், குத்தூசி, சிறிய துளைப்பான், இரண்டு தடித்த ஊசி, செருப்புத் தைக்கும் கனமான நூல், ஒரு துண்டுத் தேன்மெழுகு. கத்தியும் அடிக்கோலும் பல வீடுகளில் இருக்கும். மற்றவற்றைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செருப்புத் தைப்பவரிடம் விசாரித்தால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார். பட்டையைக்கூட அவரிடமே நேராக வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

நேயர்களே, உடனே தோலில் கத்தி வைக்க வேண்டாம். தோலுக்குக் காசு கொடுத்திருக்கிறோம். முதலில் மூன்று நிறத்து ராபியாக் கயிற்றை ஒரு ஆணியில் கட்டி, ஒரு மாலைப்பொழுது முழுவதும் பின்னிப் பின்னி அவிழ்த்துப் பாருங்கள். மூன்று நிறம் எதற்கு என்றால், எந்த இழை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பின்னல் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அகலமாக வரும்போதுதான் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது வேலை தொடங்கலாம். அதை ஆறு படியாகச் சொல்கிறோம்.

முதற்படி, கொக்கியைப் பொருத்துவது. பட்டையின் ஒரு முனையில் 15 சென்டிமீட்டரைத் தலைப்பகுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பிளக்கக்கூடாது. தலைப்பகுதியின் நுனி 3 சென்டிமீட்டரை அடிப்பக்கத்தில் கத்தியால் சீவி மெலிதாக்குங்கள். பிறகு அதைக் கொக்கியின் வளையத்துக்குள் நுழைத்து, தோலின் வழவழப்பான முகம் வெளியே தெரியும்படி இரண்டாக மடியுங்கள். மடித்த இடம் ஏழு, ஏழரை சென்டிமீட்டர் இருக்கும். அதில் இரண்டு வரிசைத் தையல் போட வேண்டும்.

தையல் எப்படி? குத்தூசியால் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் துளை போடுங்கள். நூலைத் தேன்மெழுகில் இழுத்து எடுங்கள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஊசியை இந்தப் பக்கமிருந்தும், மற்ற ஊசியை அந்தப் பக்கமிருந்தும் செலுத்தி இழுக்க வேண்டும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் தையல் இது. இதன் சிறப்பு என்னவென்றால், ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும். தையல் இயந்திரத்தின் தையலில் ஓரிடம் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர்ந்து வரும். நாய் இழுக்கும் முழு வேகமும் வந்து விழுவது இந்த இடத்தில்தான். இங்கே அவசரப்படக்கூடாது.

இரண்டாம் படி, பிளப்பது. தலைப்பகுதி முடியும் இடத்தில், அகலத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கும் இரண்டு புள்ளியில் துளைப்பானால் இரண்டு வட்டத் துளை போடுங்கள். இந்தத் துளை இல்லாமல் கீறினால், கீறல் அங்கேயே நிற்காமல் தையலை நோக்கிக் கிழிந்துகொண்டே போகும். பிறகு 8, 16 மில்லிமீட்டரில் இரண்டு கோடு குத்தூசியால் லேசாகக் கீறிக்கொண்டு, இரும்பு அடிக்கோலை வைத்து, துளையிலிருந்து மறுமுனை வரை வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று நான்கு முறை மெல்ல இழுங்கள். அடிக்கோலைப் பிடிக்கும் கை கத்தி போகும் பாதையில் இருக்கக்கூடாது. கத்தி வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் பின்னலுக்கு வரட்டும்.

மூன்றாம் படி, ஈரப்படுத்துவது. நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று இழைகளையும் இருபக்கமும் துடையுங்கள். வாளித் தண்ணீரில் ஊறப் போட வேண்டாம். தோல் முதலில் கறுக்கும். கொஞ்ச நேரத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். அந்த நேரம்தான் பின்னுவதற்குப் பக்குவம்.

நான்காம் படி, பின்னல். கொக்கியை ஒரு உறுதியான ஆணியில் மாட்டுங்கள். வலப்பக்க இழையை நடு இழைக்கு மேல் கொண்டுவாருங்கள். இப்போது அது நடு இழையாகிவிட்டது. அடுத்து இடப்பக்க இழையை அந்த நடு இழைக்கு மேல் கொண்டுவாருங்கள். மறுபடி வலம், மறுபடி இடம். சடையில் இல்லாத ஒரு விதி தோலில் உண்டு: ஓரத்தில் திரும்பும்போது இழையைப் புரட்டிவிடக்கூடாது. பக்கவாட்டில் வளைத்துத் திருப்ப வேண்டும். வழவழப்பான முகம் எப்போதும் மேலேயே இருக்கட்டும். எங்காவது சொரசொரப்பான அடிப்பக்கம் தெரிந்தால் அந்த இடத்துக்கு அவிழ்த்துச் சரிசெய்து மேலே போங்கள்.

நான்கைந்து முறை மாற்றிய பிறகு ஒருதரம் மூன்று இழையையும் ஒரே அளவு பலத்தோடு கீழே இழுத்து இறுக்குங்கள். ஓரிடம் இறுக்கமும் ஓரிடம் தளர்வுமாக இருந்தால், தளர்ந்த இடத்தில் நாயின் நகம் மாட்டும். வார் அங்கேதான் தேயும். நடுவில் எழுந்து போக வேண்டி வந்தால் துணி உலர்த்தும் கிளிப்பைப் பின்னலில் மாட்டிவிட்டுப் போகலாம். பின்னிய பிறகு நீளம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். 195 சென்டிமீட்டர் இழை 145 சென்டிமீட்டர் அளவில் வந்து நிற்கும். முனை அவிழாமல் நூலால் இறுகக் கட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி, கைப்பிடி. பின்னலின் கடைசி 45 சென்டிமீட்டரைத் திருப்பி மடித்தால் ஒரு வளையம் கிடைக்கும். அதில் 10 சென்டிமீட்டர் பின்னல் மேல் பின்னலாகப் படியட்டும். மீதி 35 சென்டிமீட்டர் கை நுழையும் வளையம். படிந்த பகுதியை முன்பு சொன்ன இரண்டு ஊசித் தையலால் இரு வரிசை தையுங்கள். பிறகு 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மெல்லிய தோல் நாடா எடுத்து, ஈரப்படுத்தி, அந்த இடத்தின் மேல் நெருக்கமாகச் சுற்றுங்கள். சுற்றத் தொடங்குமுன் ஒரு நூல் கண்ணியை அதன் கீழே படுக்க வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு சுற்று முடிந்ததும் நாடாவின் முனையை அந்தக் கண்ணியில் கோத்து, கண்ணியை இழுத்தால் முனை சுற்றுக்குள்ளே போய் மறையும். காய்ந்ததும் நாடா இறுகிக்கொள்ளும். கொக்கியையும் சேர்த்து வார் 125 சென்டிமீட்டர் வரும். சாலையோரம் நடக்க அது போதும்.

ஆறாம் படி, உலர்த்துவதும் சோதிப்பதும். பின்னலின் மேல் ஒரு கண்ணாடிப் போத்தலை உருட்டி அழுத்தினால் மேடு பள்ளம் சமமாகும். பிறகு நிழலில் தொங்கவிட்டு, கொக்கியில் ஒரு செங்கல்லைக் கட்டி இரவு முழுவதும் விடுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும். காய்ந்ததும் கொஞ்சம் விளக்கெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துவிடுங்கள்.

நாயின் கழுத்தில் மாட்டுமுன் வாரைச் சோதிக்க வேண்டும். கைப்பிடியை ஒரு உத்தரத்தில் மாட்டி, கொக்கியில் பத்து லிட்டர் தண்ணீர் நிரம்பிய வாளி இரண்டைத் தொங்கவிடுங்கள். அது 20 கிலோவுக்கு மேல். அரை மணி நேரம் கழித்துத் தையலையும், பிளவு தொடங்கும் இரண்டு துளையையும் பாருங்கள். பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ஓடுகிற நாய் சட்டென்று நிற்கும் நொடியில் அதன் எடையைவிடப் பல மடங்கு இழுவிசை வாரில் விழும். இங்கே ஒரு தையல் பிரிந்தால் நல்லது. இன்னொரு முறை தைத்துக்கொள்ளலாம். லாரி வரும் சாலையில் பிரிந்தால் தைக்க நேரமிருக்காது.

வாரை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லிவிடுகிறோம். தோல் வார் நடத்திக்கொண்டு போவதற்கு; கட்டிப் போடுவதற்கல்ல. கட்டிப் போட்டால் நாய் அதைக் கடித்துத் தின்றுவிடும். நாள் முழுவதும் குறுகிய கட்டில் கிடக்கும் நாய் சிடுசிடுப்பாகும். யாரைக் கடிக்கும் என்று சொல்ல முடியாது. வாரைக் கைமணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக்கூடாது. பெரிய நாயைச் சின்னப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பக்கூடாது. மழையில் நனைந்தால் துடைத்து நிழலில் காயவையுங்கள். நம் நாட்டு ஈரத்தில் தோல் பூஞ்சணம் பிடிக்கும். வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்தால் போகும். மாதம் ஒருமுறை தையலைப் பாருங்கள்.

அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். நம் அண்டை வீட்டு முஸ்லிம் அன்பர்கள் மீது நாயின் எச்சில் பட்டால், அவர்கள் சமய முறைப்படி ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். நாயைக் குறுக்கிப் பிடித்து ஒரு பக்கமாக ஒதுங்கி நடப்பது நமக்குச் சிறிய காரியம். அவர்களுக்கு அது பெரிய மரியாதை. ஒரு வாரினால் ஒரு தெருவின் சண்டையைத் தவிர்க்கலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நாய் வளர்க்க உள்ளூர் மன்றத்தின் உரிமம் தேவை. கிள்ளானில் இருப்பவர்கள், 2024-இல் அரச மாநகராக உயர்ந்த அந்த மன்றத்திடமும், கோலாலம்பூரில் இருப்பவர்கள் மாநகர மன்றத்திடமும் விசாரிக்கலாம். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் நாய் வளர்க்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

வெறிநாய் நோயையும் மறக்க வேண்டாம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் அது தலைகாட்டியது. சரவாக்கில் உயிர்கள் பலியாயின. நாய் கடித்தால் மஞ்சள், காப்பித்தூள் என்று எதையும் அப்பாதீர்கள். உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, வருமானத்தைப் பற்றி. கை பழகிய பிறகு, நாலு பேருக்குச் செய்து விற்கலாமே என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம், ஆனால் கணக்கு வைத்துச் செய்யுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வாருக்கு எட்டு மணி நேரம் பிடிக்கலாம். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி; மணிக்குக் கணக்கிட்டால் 8 வெள்ளி 72 காசு. எட்டு மணி நேரத்துக்குக் கூலி மட்டும் 69 வெள்ளி 76 காசு ஆகிறது. தோல், கொக்கி, நூல் இதற்கு மேல். கடையில் நைலான் வார் மலிவாக இருக்கிறதே என்று நாமும் முப்பது வெள்ளிக்கு விற்றால், நம் கூலியை நாமே வெட்டிக்கொள்கிறோம் என்று பொருள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாட்கூலி போய் மாதச் சம்பளம் வர எத்தனை ஆண்டு கேட்க வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியும். மற்றவர் நம் உழைப்பைக் குறைத்து மதித்தபோது எதிர்த்துப் பேசினோம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் உழைப்பையும் நாம் குறைத்து மதிக்கக்கூடாது. வேகம் கூடக்கூட நேரம் குறையும். விலையும் அதற்கேற்பக் குறையலாம். அதுவரை உங்கள் வீட்டு நாய்க்கும் உறவினர் வீட்டு நாய்க்கும் பின்னிப் பழகுங்கள்.

வரும் சனி, ஞாயிறு விடுமுறையில் ராபியாக் கயிற்றோடு தொடங்கிப் பாருங்கள், நேயர்களே. வெட்டுவது அப்பா, தைப்பது அம்மா, பின்னுவது பிள்ளைகள் என்று வேலையைப் பகிர்ந்துகொண்டால், அடுத்த வாரக் கடைசியில் உங்கள் வாசலில் ஒரு புது வார் தொங்கும். அதில் உங்கள் நாய் பத்திரமாக நடக்கும். எதிரே வரும் பிள்ளையும் பயமில்லாமல் நடக்கும்.